செங்கோடனை ரயிலேற்றியவர்கள்

கொத்தமல்லிப்பாளையத்தில் முட்டாள்கள் மொத்தம் நாலே பேர்தான். மற்றவர்களிலும் சிலர் இருந்திருக்கலாம், ஆனால் அவர்கள் பெயர்ப்பலகை வைத்துக்கொள்ளவில்லை. இந்த நாலு பேரும் முறைப்படி பலகை எழுதி, 'இடிமுரசு இன்பவேந்தன் ரசிகர் மன்றம்' என்று நடத்திவந்தார்கள். அர்த்தநாரி தலைவர், சென்னியப்பன் செயலாளர், நாச்சிமுத்து பொருளாளர். மாரப்பன் உறுப்பினர். மூன்று பேர் தீர்மானம் போட்டால் கேட்டுக்கொள்ள ஒருவன் வேண்டுமல்லவா, அதற்காக அவன்.

இன்பவேந்தன் நடித்த 'செங்கோடன் வருவான்' படம் அந்த வாரம் ரத்னவிலாஸ் டாக்கீஸுக்கு வந்தது. ஊர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மன்றத்தார் நல்ல நேரம் பார்த்துத் திங்கட்கிழமை மதியக் காட்சிக்குப் போனார்கள். அரங்கத்தில் அவர்கள் நாலு பேர் மட்டும்தான்.

கதை இதுதான். செங்கோடனுக்கும் வடிவுக்கும் காதல். வடிவின் அப்பா அவளைப் பம்பாயில் இருக்கும் முறைமாப்பிள்ளைக்குக் கட்டிவைக்க ரயிலேற்றிவிடுகிறார். செங்கோடன் ஓடி வருகிறான். அவன் பிளாட்பாரத்தில் கால் வைக்கவும் ரயில் நகரவும் சரியாக இருக்கிறது. வடிவு ஜன்னல் வழியாகக் கையை நீட்டுகிறாள், எட்டவில்லை. அத்தோடு 'வணக்கம்' போட்டுவிடுகிறார்கள்.

வெளியே வரும் வாசலில் ஒரு பலகை இருந்தது. 'நிறைகளை நாலு பேரிடம் சொல்லுங்கள். குறைகளை எங்களிடம் சொல்லுங்கள்.'

எழுதி வைத்த எதையும் மன்றத்தார் மீறியதில்லை. எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்து உடனே நிறைகளைச் சொல்ல ஆரம்பித்தார்கள். சேர்ந்து பார்த்த படத்தை ஒருவருக்கொருவர் புதிதாகச் சொல்லிக்கொண்டார்கள். மில்லில் பன்னிரண்டு பேரை அடித்தபோதும் செங்கோடனின் தலை கலையவில்லை என்றார் தலைவர். மழையில் அவ்வளவு நேரம் ஆடியும் ஒருவரும் தும்மவில்லை, நல்ல உடம்பு என்றார் செயலாளர். இடைவேளையில் விற்ற முறுக்கு மொறுமொறுவென்று இருந்தது என்றார் பொருளாளர். முறுக்கு படத்தின் நிறையா, தியேட்டரின் நிறையா என்று கொஞ்ச நேரம் சர்ச்சை நடந்தது. செங்கோடன் அழும்போது சாப்பிட்ட முறுக்கு படத்தில் சேரும், விளக்குப் போட்டபின் சாப்பிட்டது சேராது என்று தீர்மானம் ஆயிற்று.

ஆனால் ஒரு சிக்கல். ஒவ்வொருவருக்கும் கேட்க மூன்று பேர்தான் கிடைத்தார்கள். நாலாவது ஆள் வேண்டும். தலைவர் டீ மாஸ்டரைப் பிடித்தார், செயலாளர் தபால்காரரைப் பிடித்தார், பொருளாளர் சவரக்கடையில் முகமெல்லாம் சோப்போடு எழுந்து ஓடமுடியாமல் இருந்த ஒருவரைப் பிடித்தார். அதன்பிறகு வேறொருவர் வந்து, ஏப்பா படம் எப்படி என்று கேட்டபோது, நாலு பேர் ஆகிவிட்டது மன்னிக்கணும் என்று மூவரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

மாரப்பனுக்குக் கிடைத்த நாலாவது ஆள் அவனுடைய வருங்கால மாமனார் குப்பண்ணன். வருகிற வெள்ளிக்கிழமை காலை மாரப்பனுக்கும் அவர் மகள் பாவாயிக்கும் கல்யாணம். பத்திரிகைக் கட்டோடு சைக்கிளில் வந்தவரை நிறுத்தி நிறையைச் சொல்லத் தொடங்கிய மாரப்பன், பாதியிலேயே தேம்பி அழுதுவிட்டான்.

"வடிவை அப்படி ரயில்ல விட்டுப்போட்டு நான் எப்படிங்க மாமா தாலி கட்டறது? மனசு ஒப்பலீங்க."

வடிவு யார் என்று குப்பண்ணனுக்குப் புரியவைப்பதற்குள் கால் மணி நேரம் ஆயிற்று. அதற்குள் அவர் சைக்கிள் பம்பைக் கையில் எடுத்துவிட்டார். புரிந்தபின் பம்பைக் கீழே வைத்துவிட்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "வெள்ளிக்கிழமை முகூர்த்தத்துல நீ கட்டலீன்னா, என்ர அக்கா மவன் கட்டுவான். லாரியை ஊர்லதான் நிறுத்தியிருக்கறான்."

மாரப்பன் அன்று ராத்திரி சோறு உண்ணவில்லை. அவனுக்குப் பாவாயி வேண்டும். பாவாயி வேண்டுமானால் வடிவு செங்கோடனிடம் போய்ச் சேர வேண்டும். வியாழக்கிழமை மதியக் காட்சியோடு படத்தைத் தூக்குகிறார்கள், வெள்ளிக்கிழமை படப்பெட்டி மேட்டுச்சாவடித் தியேட்டருக்குப் போகிறது. நடுவில் மூன்றே காட்சிகள்.

செவ்வாய்க்கிழமை நாலு பேரும் குறையைச் சொல்ல மேனேஜர் பரமேஸ்வரனிடம் போனார்கள். ரத்த அழுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டிருந்த மனிதர் பொறுமையாகத்தான் கேட்டார். "லேட்டா வந்தா ரயில் நிக்குமாங்க? கொஞ்சம் சீக்கிரம் கிளம்பியிருக்கோணும்" என்று சும்மா சொல்லிவைத்தார்.

மன்றத்தாருக்கு வெளிச்சம் கிடைத்துவிட்டது. செங்கோடன் சீக்கிரம் கிளம்ப வேண்டுமானால் படத்தைச் சீக்கிரம் போட வேண்டும். இரண்டரை மணிக் காட்சியை இரண்டு மணிக்கே போடும்படி கேட்டார்கள். அவர்களை விட்டால் படம் பார்க்க ஆளில்லை என்பதால் மேனேஜரும் சரி என்றார்.

செங்கோடன் அரை மணி நேரம் முன்னதாகவே ஓடி வந்தான். ரயிலும் அரை மணி நேரம் முன்னதாகவே போய்விட்டது.

அரங்கத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் அவசரக் கூட்டம் நடந்தது.

"ரயில்காரனுக்கு யாரோ சொல்லிப்போட்டாங்க" என்றார் தலைவர்.

"நம்ம நாலு பேருக்கும் மேனேஜருக்கும்தானே தெரியும்?" என்றார் செயலாளர்.

பொருளாளர் யோசித்துவிட்டு, "ஆபரேட்டர் ஜமாலோட மச்சான் ரயில்வேயிலதான் இருக்கறாரு" என்றார். எல்லாரும் மாடியறையின் சிறு ஜன்னலை நிமிர்ந்து பார்த்தார்கள். அங்கே ஜமால் ஒன்றும் அறியாமல் பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை மறுபடி மேனேஜரிடம் குறை. அவர் மாத்திரையை இரண்டாகப் போட்டுக்கொண்டு சொன்னார், "அவன் எங்கீங்க நேரா வர்றான்? நடுவுல ஆறு நிமிசம் பாட்டுப் பாடறான். அந்தப் பாட்டைத் தூக்கினா நேரத்துக்கு வந்துருவான்."

நியாயமாகத்தான் பட்டது. அவசரமாக ஸ்டேஷனுக்குப் போகிறவன் தென்னந்தோப்பில் நின்று பாடலாமா? பாட்டை வெட்டச் சொல்லி மன்றத்தார் கேட்டார்கள். டீ குடிக்க நேரம் கிடைக்கும் என்று ஜமாலும் சந்தோஷமாக வெட்டினார். செங்கோடன் பாடாமல் ஓடி வந்தான். ரயில் அப்படியும் போய்விட்டது.

மாரப்பன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். "ஆறு நிமிசம் மிச்சமாச்சே, அது எங்கீங்க போச்சு?" என்று கேட்டான்.

"நம்ம கண்ணுல காட்டாம எங்கியோ நின்னு பாடிட்டுத்தான் வந்திருக்கறான்" என்றார் தலைவர். "பாடற புத்தி போகுமா?"

வியாழக்கிழமை காலையிலேயே போனார்கள். இவர்கள் தலையைக் கண்டதுமே மேனேஜர் எழுந்து நின்றுவிட்டார். மாத்திரை டப்பா காலி. "செங்கோடனை ஒண்ணும் பண்ண முடியாதுங்க. ரயிலை நிறுத்தோணும்னா போய்ச் செவப்புக் கொடியைக் காட்டுங்க. என்னை விட்டுருங்க" என்று கும்பிட்டார்.

இவ்வளவு சுலபமான வழியை ஏன் மூன்று நாளாக மறைத்தார் என்று மன்றத்தாருக்கு வருத்தம். மன்றக் கொடியில் சிவப்பு இருந்தது, ஆனால் பாதி பச்சை. பச்சையைப் பார்த்தால் ரயில் இன்னும் வேகமாகப் போகும் என்று செயலாளர் எச்சரித்தார். ஊரில் முழுச் சிவப்பாக இருந்தது ஒன்றே ஒன்றுதான், மாரப்பன் வீட்டில் பாவாயிக்கென்று எடுத்து வைத்திருந்த கூறைப்புடவை. அவன் ஒரு கணம் தயங்கினான். பிறகு பெட்டியைத் திறந்து எடுத்துவந்துவிட்டான். அவன் மனசு அப்படிப்பட்டது, அதை நான் குறை சொல்லமாட்டேன்.

கடைசிக் காட்சி. செங்கோடன் ஓடி வருகிறான். ரயில் கூவுகிறது. தலைவரும் செயலாளரும் ஒரு முனையையும் மாரப்பன் மறுமுனையையும் பிடித்துக்கொண்டு திரைக்கு முன்னால் பாய்ந்து புடவையை விரித்தார்கள். பொருளாளர் தண்டவாளத்தில் யாரும் நிற்காதீர்கள் என்று காலி நாற்காலிகளைப் பார்த்துக் கூவினார்.

சரியாக அந்த நேரத்தில் ஊரில் கரண்ட் போய்விட்டது.

படம் நின்றது, சத்தம் நின்றது, எல்லாம் இருட்டு. அந்த இருட்டில் மாரப்பன் கூவினான். "நின்னுருச்சுங்க. ரயில் நின்னுருச்சு."

நாலு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். மேனேஜர் ஜெனரேட்டரைப் போடப் போனபோது ஓடிப்போய் அவர் காலில் விழுந்தார்கள். போட்டால் ரயில் கிளம்பிவிடும், தயவுசெய்து வேண்டாம் என்று கெஞ்சினார்கள். நாலு பேருக்காக டீசலை எரிக்க அவருக்கும் மனமில்லை. அன்று மாலையே பெட்டியைக் கட்டி மேட்டுச்சாவடிக்கு அனுப்பிவிட்டு, அவர் வாழ்க்கையில் முதல்முறையாகச் சீக்கிரம் வீட்டுக்குப் போனார். மாரப்பன் அன்று மூன்று பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டான்.

வெள்ளிக்கிழமை காலை கல்யாணம் ஜோராக நடந்தது. வீடியோக்காரர் வாடகைக்கு எடுத்துவந்த பெரிய விளக்கு வெளிச்சத்தில் மாரப்பன் மணையில் மலர்ந்து உட்கார்ந்திருந்தான். பாவாயி பக்கத்தில் அந்தச் சிவப்புக் கூறையில். ஒரு தூணில் சாய்ந்தபடி, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு லாரிக்காரனும் நின்றிருந்தான். கெட்டிமேளம் தொடங்கப்போகிறது. மாரப்பன் தாலியைக் கையில் வாங்கி, பாவாயியின் காதோரம் குனிந்து, ரயிலை நிறுத்திய செய்தியை ரகசியமாகச் சொன்னான்.

 பாவாயி தலையைக் குனிந்தபடியே கேட்டாள்.

"ஏனுங்க, ரயில் நின்னது சரி. அத்தனை இருட்டுல எந்தப் பெட்டியில வடிவு இருக்கறான்னு அவரு எப்படிங்க கண்டுபிடிச்சு ஏறுனாரு?"

மாரப்பனின் கை அப்படியே நின்றது. அவன் தலைவரைப் பார்த்தான். தலைவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் பொருளாளரைப் பார்த்தார். யாருமே ஏறியதைப் பார்க்கவில்லை. குப்பண்ணனின் முகம் வெளுத்தது. தூணில் சாய்ந்திருந்தவன் நிமிர்ந்து சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான். முகூர்த்தம் முடிய இன்னும் சில நிமிடங்களே இருந்தன.

பாவாயிதான் பேசினாள். "நீங்க கையில இருக்கறதைக் கட்டுங்க. மேட்டுச்சாவடியில ரெண்டரைக்குத்தானே ஆட்டம்? ரெண்டு பேருமாப் போயி வெளிச்சம் காட்டிப்போட்டு வந்துரலாம்."

மாரப்பன் கட்டினான். மூன்று முடிச்சையும் அவனே போட்டான், முடிச்சுப் போட வந்து நின்ற தன் அக்காவுக்குக்கூட ஒன்று விடவில்லை. இப்படி ஒரு பெண் தனக்கு எங்கிருந்து கிடைத்தாள் என்று அவனுக்கு ஆச்சரியம். எனக்கும் ஆச்சரியம்தான், அந்த ஊரில் அப்படி ஒரே ஒருத்திதான் பாக்கி இருந்திருக்கிறாள்.

பந்தி முடிந்ததும் மணமக்களும் மன்றத்தாரும் பஸ் ஏறினார்கள். விளக்கு வாடகைப் பொருள் என்பதால் வீடியோக்காரரும் அதைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தார். மேட்டுச்சாவடி தியேட்டரில் மாலையும் கழுத்துமாக வந்தவர்களை யார் தடுப்பார்கள்? முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். திரைக்குப் பக்கத்தில் பிளக்கும் இருந்தது.

செங்கோடன் ஓடி வந்தான். பிளாட்பாரத்தில் கால் வைத்தான். ரயில் கூவியது.

"இப்பங்க" என்றாள் பாவாயி.

வீடியோக்காரர் விளக்கைப் போட்டுத் திரைக்கு நேராகத் திருப்பினார். திரை முழுக்கப் பளீரென்று வெளுத்துப்போயிற்று. ரயிலைக் காணோம், பிளாட்பாரத்தைக் காணோம், செங்கோடனைக் காணோம், வடிவையும் காணோம்.

மாரப்பன் எழுந்து, வெள்ளைத் திரையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நிதானமாகப் பார்த்தான். ஒருவரும் பாக்கியில்லை. "அத்தனை பேரும் ஏறிட்டாங்க" என்றான்.

பின்னால் இருந்தவர்கள் கத்தினார்கள், சீட்டைத் தட்டினார்கள். மன்றத்தார் அதைக் கைதட்டல் என்று நினைத்து நாலு பக்கமும் திரும்பிக் கும்பிட்டார்கள்.

வெளியே வரும்போது இந்தத் தியேட்டர் வாசலிலும் அதே பலகை இருந்தது. பாவாயி நின்று நிதானமாகப் படித்தாள். பிறகு கணவனிடம் ஒரு முறை, தலைவரிடம் ஒரு முறை, செயலாளரிடம் ஒரு முறை, பொருளாளரிடம் ஒரு முறை, படம் நல்லா இருந்துதுங்க, வெளிச்சம்தான் கொஞ்சம் ஜாஸ்தி என்று சொன்னாள்.

ஊர் எல்லையில் குப்பண்ணன் காத்துக்கொண்டிருந்தார். கல்யாண நாளன்று பெண்ணை எங்கே கூட்டிக்கொண்டு போனார்கள், என்னதான் நடந்தது என்று பதறிப்போய் மகளைக் கேட்டார்.

பாவாயி அப்பாவைப் பாவமாகப் பார்த்தாள். "நாலு பேரு ஆயிருச்சுங்கப்பா" என்று சொல்லிவிட்டு, வாயை மூடிக்கொண்டு புருஷன் வீட்டுக்கு நடந்தாள்.