சுவர்க்கோழி பாட்டை நிறுத்திய காலை

அந்தக் காலத்தில் சுவர்க்கோழிக்குப் பாடத்தான் தெரியும், நிறுத்தத் தெரியாது. பிறந்ததும் சிறகை உரசத் தொடங்கினால் சாகும்வரை ஒரே கிர்கிர்தான். பகல், இரவு, மழை, வெயில் எதுவும் அதற்குப் பொருட்டில்லை. பக்கத்தில் யானை வந்து நின்றாலும் பாட்டு நிற்காது. மனிதரும் பூச்சிகளும் ஒருவரோடொருவர் பேசிக்கொண்ட காலம் அது. "கொஞ்ச நேரம் சும்மா இரேன்" என்று எல்லாரும் கெஞ்சிப் பார்த்துவிட்டார்கள். யார் கேட்டது?

சீன தேசத்தில் யுன்சாங் என்றொரு நகரம் இருந்தது. அதற்குப் பெருமை இரண்டு. ஒன்று, மண்ணை இடித்து இடித்துக் கெட்டிப்படுத்திக் கட்டிய மதில். மேலே மாட்டுவண்டி ஓடலாம், அவ்வளவு அகலம். மற்றது கடுகுக்கீரை ஊறுகாய். வீட்டுக்கு வீடு பெரிய பெரிய சாடிகளில் கீரை ஊறிக்கொண்டிருக்கும். கீரை தீர்ந்தாலும் ஊறல் தண்ணீரைக் கொட்ட மாட்டார்கள். அது மாமியாரிடமிருந்து மருமகளுக்கு வருகிற சொத்து. பழையதாக ஆக ஆக ருசி கூடும் என்பார்கள். வாசனையும் கூடும் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

வடக்கேயிருந்து ஒரு சிற்றரசன் பெரும்படையோடு வந்து அந்த நகரத்தை வளைத்துக்கொண்டான். முதல் சண்டையிலேயே நகரத்தின் படைத்தலைவர் மதிலிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். அவருடைய மகள் மின்ஷூ, இருபது வயது நிரம்பாதவள், அப்பாவின் கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டாள். அது அவள் முழங்காலுக்குக் கீழே தொங்கியது.

"பார்த்து நில்லும்மா, விழுந்துடாதே" என்றார் அப்பா.

"நீங்க விழுந்த இடம் எனக்கு ஞாபகமிருக்குப்பா. வேற இடமாப் பார்த்து நிக்கிறேன்" என்று சிரித்துவிட்டு மதிலேறினாள்.

அவள் வில்லை எடுத்தால் குறி தப்பாது. எதிரிகள் ஏணி சாய்த்த இடத்திலெல்லாம் ஓடிப்போய் அதைத் தள்ளிவிட்டாள். வீரர்கள் முதலில் கவசத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு அந்தக் கவசம் எங்கே போகிறதோ அங்கே பின்னாலேயே ஓடினார்கள்.

ஒருநாள் எதிரியின் பக்கம் திடீரென்று ஓய்ந்துபோனது. ஏணி இல்லை, அம்பு இல்லை, கூச்சல் இல்லை. "அவங்க சோர்ந்துட்டாங்க!" என்று ஊரே கொண்டாடியது. மின்ஷூ மட்டும் மதில் மேல் நின்று எதிரியின் கூடாரங்களுக்குப் பின்னால் பார்த்தாள். அங்கே மஞ்சள் மண் குவிந்திருந்தது. மறுநாள் அந்தக் குவியல் இன்னும் உயர்ந்திருந்தது.

"கூடாரத்துல சும்மா படுத்திருக்கறவனுக்கு இவ்வளவு மண்ணு எங்கேயிருந்து வருது?" என்று கேட்டாள்.

அப்போதுதான் எல்லாருக்கும் புரிந்தது. மதிலுக்கு அடியில் சுரங்கம் தோண்டுகிறார்கள். எந்த இடத்தில் என்று தெரியாவிட்டால் ஒரு விடியலில் ஊருக்கு நடுவே முளைத்து நிற்பார்கள். அதோடு யுன்சாங்கின் கதை முடிந்தது.

அதற்கும் அந்நாட்டில் ஒரு வழி இருந்தது. மதிலோரமாகப் பெரிய சாடிகளைக் கழுத்துவரை புதைத்து, வாயில் தோலை இழுத்துக் கட்டிக் காதை வைத்தால், பூமிக்கடியில் தோண்டுகிற சத்தம் கேட்கும். ஆனால் சாடிக்கு எங்கே போவது? ஊரிலுள்ள எல்லாச் சாடியிலும் ஊறுகாய்!

மின்ஷூ வீடு வீடாகப் போனாள். வடக்குவாசல் தெருவில் ஹூ அத்தை தன் சாடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உயிரைக் கேளு, தரேன். ஊறலைக் கேட்காதே."

"ஊறல் உங்களுக்கே இருக்கட்டும் அத்தை. சாடியை மட்டும் குடுங்க."

கடைசியில் வடக்குவாசலில் குதிரைகள் தண்ணீர் குடிக்கும் பெரிய கல்தொட்டியைத் தேய்த்துக் கழுவி, எல்லா வீட்டு ஊறலையும் அதில் ஊற்றி, மேலே பாய் போட்டு மூடினார்கள். ஊறுகாயைத் தின்றே தீர்க்க வேண்டியதாயிற்று. காலையில் ஊறுகாய், மதியம் ஊறுகாய், சாயங்காலம் ஊறுகாய். குதிரைகள்கூட அந்தப் பக்கம் வருவதை விட்டுவிட்டன.

சாடிகளைப் புதைத்தாயிற்று. ஒரு காலையில் மின்ஷூ குனிந்து முதல் சாடியில் காதை வைத்தாள். கிர்கிர்கிர்! துள்ளி எழுந்தாள். அடுத்த சாடியிலும் கிர்கிர். மதிலின் ஒவ்வொரு விரிசலிலும் சுவர்க்கோழிகள் குடியிருந்தன. சாடிக்குள் அவற்றின் பாட்டைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை.

"புகை போட்டு விரட்டிடலாம் தலைவி" என்றான் ஒரு வீரன்.

"வெளியே ஒருத்தன் நம்மை விரட்ட நிக்கிறான். உள்ளே நாம இதுங்களை விரட்டணுமா? இந்த மதில்ல நமக்கு முன்னாடி குடிவந்தவங்க. இவங்களும் நம்ம ஊர்க்காரங்கதான்" என்றாள் மின்ஷூ.

விரிசலுக்குள்ளிருந்து ஒரு கிழச் சுவர்க்கோழி எட்டிப் பார்த்தது. அதன் பெயர் லிங்லிங். பாடிக்கொண்டேதான் பேசியது.

"என்ன சொன்னே, ஊர்க்காரங்களா? எங்களையா?"

"உங்களைத்தான் ஐயா. கொஞ்ச நேரம் பாட்டை நிறுத்தினா ஊரே பிழைக்கும்."

லிங்லிங்கின் மீசை நடுங்கியது. "அது முடியாது தாயி. பாட்டு நின்னா உயிர் நின்னுடும். எங்க அப்பா சொன்னாரு, அவருக்கு அவரு அப்பா சொன்னாரு. நிறுத்திப் பார்த்தவன் எவனும் இல்லே."

மின்ஷூவுக்கு மனம் இளகிவிட்டது. ஊர் அழியப்போகிறது என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் உயிருக்குப் பயப்படுகிற ஒருவரிடம் சாகச் சொல்லிக் கேட்க அவளால் முடியவில்லை. "அப்படின்னா வேண்டாம் ஐயா, பாடுங்க. நான் வேற வழி பார்க்கறேன்" என்று சொல்லி எழுந்தாள்.

அவள் நாலடி போவதற்குள், "தாயி, கையை நீட்டு" என்று லிங்லிங் கூப்பிட்டது. அவள் திரும்பி வந்து கையை நீட்டினாள். அது உள்ளங்கையில் ஏறி நின்றது. "செத்துட்டேன்னா இந்த விரிசல்லயே வச்சுடு" என்றது. கண்ணை மூடத் தெரியாத பூச்சி, ஆகவே வானத்தைப் பார்த்துக்கொண்டு சிறகை மடக்கியது.

பாட்டு நின்றது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். லிங்லிங் அசையவில்லை. மின்ஷூவின் கண் கலங்கிவிட்டது.

"அட!" என்றது லிங்லிங். "சாகலையே!"

சுவர்க்கோழிக்குக் காது காலில் இருக்கிறது. பிறந்ததிலிருந்து தன் சத்தத்தையும் கிட்டே வந்து பேசுகிறவர்களையும் மட்டுமே கேட்ட அந்தக் கால்களுக்கு அன்றுதான் உலகம் கேட்டது. மதில் மேல் கொடி படபடப்பது கேட்டது. எங்கோ ஒரு குழந்தை சிரிப்பது கேட்டது. உள்ளங்கைக்கு அடியில் மின்ஷூவின் நாடி துடிப்பதும் கேட்டது.

"இதெல்லாம் எப்பவுமே இருந்துச்சா தாயி? எனக்கு யாரும் சொல்லவே இல்லையே!" என்று கிழம் ஆனந்தத்தில் குதித்தது. குதித்துத் தரையில் விழுந்ததும் அப்படியே உறைந்து நின்றது. "கீழே காலு நடக்குது. நிறையக் காலு. எங்கேன்னுதான் சரியாப் புரியலே."

மின்ஷூவுக்குப் பளிச்சென்று ஒன்று தோன்றியது. "எல்லாரும் ஒரேயடியா நிறுத்த வேண்டாம். நிறுத்தினா கீழே இருக்கறவனுக்குச் சந்தேகம் வரும். பாடறவங்க நடுநடுவே ஒரு கணம் நிறுத்திக் கேளுங்க. தன் காலுக்கடியில நடமாட்டம் இருந்தா மட்டும் மறுபடி பாட வேண்டாம்."

நிறுத்தினாலும் சாக மாட்டோம் என்பதையும் சேர்த்துச் செய்தி விரிசலுக்கு விரிசல் பறந்தது. மின்ஷூ மதிலோரமாக நடந்தாள். கிர்கிர், கிர்கிர், கிர்கிர். வடக்குவாசலைத் தாண்டியதும் ஓரிடத்தில் ஒரு சத்தமும் இல்லை. அதைத் தாண்டினால் மறுபடி கிர்கிர். சத்தமில்லாத அந்த இடத்துச் சாடியில் காதை வைத்தாள். தொக், தொக், தொக்! கடப்பாரையேதான்.

வீரர்கள் அங்கேயே குழி தோண்டிச் சுரங்கத்தின் கூரையைத் துளைத்தார்கள். கீழே இருட்டில் எதிரிகளின் முகங்கள் அண்ணாந்து பார்த்தன. சுரங்கத்தை அடைக்க மண்ணும் கல்லும் போதாது, வெள்ளம்போல ஏதாவது வேண்டும். கிணறோ ஊரின் மறுகோடியில் இருந்தது. எல்லார் கண்ணும் பக்கத்திலிருந்த கல்தொட்டிமேல் போயிற்று.

ஹூ அத்தை பாயை இழுத்து எறிந்தாள். "மாமியாரே எழுந்து வந்து கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கறேன். ஊத்துங்கடி!" என்று முதல் வாளியை அவளே கவிழ்த்தாள். ஊற்றும்போது அழுதாள், பிறகு சிரித்தாள், இரண்டும் அவளுக்கு ஒன்றாகவே வந்தது.

பல தலைமுறை ஊறல் அது! சுரங்கத்தின் மண் சேறாகிச் சரிந்தது. எதிரிகள் தும்மிக்கொண்டும் கண்ணைக் கசக்கிக்கொண்டும் தங்கள் பாசறைக்கு ஓடினார்கள். அங்கே அவர்களை யாரும் கூடாரத்துக்குள் சேர்க்கவில்லை. குதிரைகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. சிற்றரசன் மூக்கைப் பொத்திக்கொண்டே படையைத் திருப்பிக்கொண்டு போனான்.

யுன்சாங்கில் புது ஊறுகாய் போட்டார்கள். அது சப்பென்றுதான் இருந்தது, ஆனால் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. ஹூ அத்தை தன் அடுப்படிச் சுவரில் கதகதப்பான இடமாகப் பார்த்து ஒரு பொந்து குடைந்து லிங்லிங்கைக் குடிவைத்தாள். மின்ஷூ அப்பாவின் கவசத்தை வெட்டித் தன் அளவுக்குத் தைத்துக்கொண்டாள்.

அந்தக் காலைக்குப் பிறகுதான் சுவர்க்கோழியின் வழக்கம் மாறியது. இன்றைக்கும் அடுப்படி மூலையில் அது பாடிக்கொண்டிருக்கும்போது நாம் ஓரடி வைத்தால் சட்டென்று நின்றுவிடும். பயந்துவிட்டது என்று நினைக்கிறோம். வருவது ஊர்க்காரரா, வேற்றாளா என்று அது காலால் கேட்டுக்கொண்டிருக்கிறது. கொஞ்ச நேரம் அசையாமல் நின்று பாருங்கள். நம்ம ஆள்தான் என்று தெரிந்ததும் மறுபடி பாடத் தொடங்கிவிடும்.