ஆள்காட்டியின் முட்டைகள்

திருமேனி மடத்துக்கு வந்தது ஞானம் தேடி அல்ல. வேலைக்குப் போய்க்கொண்டிருந்த மகள் அங்கயற்கண்ணி ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் ஊரை விட்டுப் போய்விட்டாள். எங்கே இருக்கிறாள் என்றுகூடத் தெரியவில்லை. பெற்ற வயிறு மட்டுமா எரியும்? தகப்பனுக்கும் எரியத்தான் செய்தது.

“அவ போற பஸ்ஸுக்குப் பின்னாலயே வண்டியில போவேன் சாமி. ஆபீஸ் வாசல்ல சாயங்காலம் வரைக்கும் காத்துக் கிடப்பேன். அவ்வளவு பாசம் வச்சேன். ஏன் இப்படிப் பண்ணிட்டா?”

மடத்தை நடத்திவந்த ஏகாம்பர சாமி எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். திருமேனியும் பின்னாலேயே போனார்.

மடத்தை ஒட்டி ஒரு சின்னப் புதர்க்காடு. வேலி போட்டு, சரணாலயம் என்று பலகையும் வைத்திருந்தார்கள். பலகையை நம்பி யானை பார்க்க வருகிறவர்கள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்புவார்கள். காரையும் சூரையும் மண்டிய அந்தப் பொட்டலில் முயலும் ஓணானும் கௌதாரியும் அவை பாட்டுக்குப் பிழைத்துக் கிடந்தன.

சாமி ஓரிடத்தில் நின்றார். சரளைக் கல்லோடு கல்லாக நான்கு முட்டைகள். கூடு என்று ஒரு துரும்புகூட இல்லை. தலைக்கு மேலே இரண்டு ஆள்காட்டிக் குருவிகள் தொண்டை கிழியக் கத்தின.

“பாத்தாச்சுல்ல? வா. குஞ்சு பொரிக்கிற வரைக்கும் இந்தப் பக்கம் வராதே.”

“வெட்டவெளியில கிடக்கே சாமி! நாய் கீய் வந்தா?”

“அதுக்கு ஆத்தா அப்பன் இருக்கு. நீ வராதே.”

திருமேனியால் சும்மா இருக்க முடிந்தால்தானே! தினமும் காலையில் காக்கைக்குச் சோறு வைப்பது மடத்திலேயே தங்கிவிட்ட அவருடைய வேலை. வைத்த கையோடு, ஒரு எட்டு பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று கிளம்பினார். மறுநாளும் அப்படித்தான். வேலிக்குள் நுழைந்த நாயைக் கல்லெடுத்து விரட்டினார். அதில் அவருக்குப் பெருமை வேறு.

சோறு வைக்கிற ஆளைக் காக்கைகள் விடுமா? புதருக்குப் புதர் தாவி அவர் பின்னாலேயே வந்தன. அவர் கவனிக்கவில்லை.

ஒரு காலையில் குருவிகள் இரண்டும் அவர் தலையைக் குறிவைத்துப் பாய்ந்தன. “காவலுக்குத்தானே வந்திருக்கேன், என் மேல எதுக்குக் கோவம்?” என்று கையை ஆட்டிச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்நேரம் பார்த்து அவர் முதுகுக்குப் பின்னால் காக்கைகள் இறங்கின. திரும்பிப் பார்த்தபோது ஓடுகள்தான் மிச்சம்.

மூச்சிரைக்க மடத்துக்கு ஓடி வந்தார்.

“நாலையும் தின்னுடுச்சு சாமி, பாழாப்போன காக்கா! பெத்ததுங்க ரெண்டும் அங்கேயே இருந்தும் காப்பாத்தலயே!”

“எப்படிக் காப்பாத்தும்? அதுங்க உன்னைத்தானே விரட்டிக்கிட்டு இருந்துச்சு.”

திருமேனி அப்படியே உட்கார்ந்துவிட்டார். சாமியும் பக்கத்தில் உட்கார்ந்தார். “உன்கிட்ட காட்டினேனே, அது என் தப்பு” என்றார்.

திருமேனி தலையை நிமிர்த்தினார்.

“மறுபடி முட்டையிடுமா சாமி?”

“இடும்.”

“எங்க?”

சாமி அவரை ஏறிட்டுப் பார்த்தார்.

“உனக்குத் தெரியாத இடத்துல.”