நாற்சந்தியில் விட்டு வந்த வடை

அந்தக் காலத்தில் நாயும் எருமையும் மனிதரைப் போலவே பேசிக்கொண்டிருந்தன. சண்டைப் பேச்சைத் தின்று வளர்கிற ஒன்றும் அப்போது ஊர்களுக்குள் நடமாடியது. கக்ளாட் என்று அதற்குப் பெயர். அதற்கு உருவம் கிடையாது. சொந்தமாகக் குரலும் கிடையாது.

குஜராத்தில், பாதர் ஆற்றை ஒட்டிய ஒரு மேய்ப்பர் ஊரில் உஜி, மோங்கி என்று இரண்டு பெண்கள் ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள். அண்ணனையும் தம்பியையும் கட்டியவர்கள். மூத்தவள் உஜிக்குப் பிள்ளை இல்லை. இளையவள் மோங்கிக்கு மூன்று வயதில் சந்தோக் என்று ஒரு மகள். அவளுக்கு முன்னால் பிறந்த மகன் காய்ச்சலில் போய்விட்டான். அந்த ஆண்டு மழை பொய்த்ததால் ஆண்கள் இருவரும் மாடுகளை ஓட்டிக்கொண்டு தெற்கே போயிருந்தார்கள். தீபாவளிக்குத்தான் திரும்புவார்கள்.

அவர்கள் போன மூன்றாம் நாள், உஜி திரிகையில் கம்பு அரைத்துக்கொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால் மோங்கியின் குரல் கேட்டது.

"பிள்ளை பெறாத உடம்புக்கு இத்தனை ரொட்டியா?"

உஜி திரும்பினாள். யாருமில்லை. வாசலுக்கு ஓடினாள். மோங்கி தலையில் குடத்தோடு அப்போதுதான் படியேறி வந்தாள்.

"என்னடி சொன்னாய்?"

"நான் கிணற்றடியிலிருந்து வருகிறேன், பாபி. என்ன சொன்னேன்?" கணவனின் அண்ணியை அந்தப் பக்கம் பாபி என்றுதான் அழைப்பார்கள்.

உஜி நம்பவில்லை. அன்று பிடித்த சண்டை விளக்கு வைக்கும்வரை ஓயவில்லை. மறுநாள் மோங்கிக்குக் கேட்டது. அடுப்பு மூலையிலிருந்து, உஜியின் குரலில்: "இந்தக் குட்டி மட்டும் எத்தனை நாளைக்கு இருக்கப்போகிறது?" அதன்பின் சந்தோக்கை உஜியின் பக்கமே அவள் விடவில்லை.

சண்டை போடாத நாளே இல்லை என்றானது. வீட்டில் விட்டுப்போயிருந்த ஒற்றை எருமை பால் தர மறுத்தது. ஏன் என்று கேட்டதற்கு, "உங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பது என்னையே பார்க்கிறது. பயத்தில் மடி இறுகிவிட்டது" என்றது. எருமை மற்றவளைத்தான் சொல்கிறது என்று இருவருமே நினைத்துக்கொண்டார்கள்.

தீபாவளிக்கு முந்தின நாள். தேய்பிறைச் சதுர்த்தசி. அங்கே அதைக் காளி சௌதஸ் என்பார்கள். காலையில் சந்தோக் அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவள் வாய் திறந்தது. வந்தது உஜியின் குரல்.

"மோங்கி, சாம்பலை அள்ளு."

உஜி எதிரில் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தாள். அடுத்து அதே சின்ன வாயிலிருந்து மோங்கியின் குரல் வந்தது: "நீயே அள்ளு, மலடி." குழந்தையின் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. அழுகைச் சத்தம் மட்டும் வரவில்லை.

இரண்டு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இத்தனை நாளும் கேட்டது யாருடைய பேச்சு என்று அப்போதுதான் புரிந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள்.

நாற்சந்தியில் ஊர்க் கறுப்பு நாய் படுத்திருந்தது. குழந்தையை மோந்து பார்த்துப் பின்வாங்கியது.

"நேற்று அது உங்கள் வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டது" என்றது நாய். "உன் குரலில்தான், உஜி. அன்பாகக் கூப்பிட்டது. அதனால்தான் நான் போகவில்லை."

உஜிக்கு வெட்கப்பட நேரமில்லை. "இவளுக்கு என்ன ஆகும்?"

"இருட்டுவதற்குள் அதை வெளியேற்றாவிட்டால் இவள் குரல் அதற்கே சொந்தமாகிவிடும். இருவரும் ஒரே மாவில் கைவைத்து வடை சுடுங்கள். சுட்டு முடிக்கும்வரை ஒரு சொல்லும் பேசக் கூடாது. சண்டை கிடைக்காமல் பசியெடுத்து, வடைக்குப் பின்னால் வரும். இங்கே வைத்து, சுற்றிலும் தண்ணீரால் வட்டம் போடுங்கள். போகும்போது திரும்பிப் பார்க்காதீர்கள். பார்த்தவர் தோளில் ஏறிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிடும்."

அப்படியே செய்தார்கள். எண்ணெய் தெறித்துக் கை பொத்துப்போனபோதும் மோங்கி வாய் திறக்கவில்லை. பொழுது சாயும்போது சந்தோக்கை எருமையின் கழுத்தோரம் படுக்கவைத்துவிட்டுப் புறப்பட்டார்கள். வாசலைத் தாண்டியதும் வடைத் தட்டு கனத்தது. நாலடிக்கு ஒருதரம் இன்னும் கனத்தது. இருவருமாகத் தாங்கிப் பிடித்துத்தான் நாற்சந்திக்குக் கொண்டுவர முடிந்தது. வைத்தார்கள். உஜி செம்பிலிருந்து நீரை ஊற்றி வட்டமிட்டாள். திரும்பி நடந்தார்கள்.

"பா! பா!" அம்மாவை அழைக்கும் சந்தோக்கின் குரல் பின்னால் கேட்டது. மோங்கியின் கால் பின்னியது. உஜி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "அவள் வீட்டில் இருக்கிறாள். நட."

பிறகு பின்னாலிருந்து உஜியின் குரல் வந்தது, தாழ்ந்து, தனக்குள் முணுமுணுப்பதுபோல: "எனக்கு இல்லாத பிள்ளை இவளுக்கு மட்டும் எதற்கு? காய்ச்சல் இவனைக் கொண்டுபோகட்டும்."

மோங்கி நின்றாள். உஜியின் பிடி தளர்ந்தது.

"இதுவும் அதன் பொய்தானே, பாபி?" மோங்கி முன்னால் பார்த்தபடியே கேட்டாள்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பிடரியில் எதுவோ மூச்சு விடுவது உஜிக்குத் தெரிந்தது.

"இல்லை. நான் சொன்னதுதான். உன் மகனுக்குக் காய்ச்சல் கண்ட அன்று, அடுப்படியில், தனியாக. மறுநாளே போய்விட்டான். நான் சொல்லித்தான் போனானோ என்று அன்றிலிருந்து தூக்கமில்லை."

அப்போது பின்னாலிருந்து செத்துப்போன மகனின் குரல் கூப்பிட்டது. "பா, நான்தான். ஒரே ஒருதரம் என்னைப் பாரு."

மோங்கி இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டாள். "என்னால் திரும்பாமல் இருக்க முடியாது. நீ என்னைக் கூட்டிக்கொண்டு போ" என்று, தன் மகன் சாகட்டும் என்று சொன்னவளிடம் கையை நீட்டினாள். "வீட்டுக்குப் போய் உன்னை எல்லாம் கேட்பேன். விடமாட்டேன். இப்போது நட."

உஜி அந்தக் கையைப் பற்றி நடந்தாள். பின்னால் அந்தக் குரல் அழுதது, கெஞ்சியது, பின் நாயின் தாடை கடிக்கும் சத்தத்தோடு பாதியில் அறுந்தது. வீட்டில் சந்தோக் எழுந்து உட்கார்ந்து, "பசிக்குது" என்றாள். அது அவளுடைய குரல்தான்.

மோங்கி சொன்னபடியே கேட்டாள். அழுதாள், அடித்தாள். உஜி எழுந்து போகவில்லை. விடிந்ததும் இருவரும் சேர்ந்தே நாயைப் பார்க்கப் போனார்கள். வட்டம் காய்ந்திருந்தது. வடை இல்லை. நன்றி சொன்னபோது நாய் பதில் சொல்ல வாயைத் திறந்தது. குரைப்பு மட்டும்தான் வந்தது. வடையோடு எதை விழுங்கியதோ, அது அதன் சொற்களையும் எடுத்துக்கொண்டது.

நாய் பேச்சை இழந்தது அன்று முதல்தான். காளி சௌதஸ் மாலையில் குஜராத்துப் பெண்கள் வீட்டுச் சண்டையெல்லாம் போகட்டும் என்று நாற்சந்தியில் வடை வைத்து, நீரால் வட்டமிட்டு, பின்னால் பெற்ற பிள்ளையே கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காமல் வீடு வருவதும் அன்று முதல்தான்.