அங்குலம் நகராத பிரேக்

தூத்துக்குடியில் ஜெசிந்தாவின் மெக்கானிக் கடைக்குக் கவுன்சிலரின் மைத்துனர் தவசிக்கனி தன் ரேஸ் பைக்கில் வந்து இறங்கினார்.

"முன் பிரேக்கை மாத்து. நூறுல போகும்போது பிடிச்சாலும் ஓர் அங்குலம் நகராம அங்கேயே நிக்கணும். நகர்ந்துச்சோ, உன் கடைக்குப் பூட்டுதான்!"

"ஆகட்டும் அண்ணாச்சி" என்று ஜெசிந்தா பெரிய டிஸ்க்காக வாங்கி மாட்டினாள்.

மறுநாள் தவசிக்கனி ஒரு கூட்டத்தோடு வந்தார். ஜெசிந்தா ரோட்டில் கோடு கிழித்தாள். கோட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு பஞ்சு மெத்தையை விரித்தாள்.

"மெத்தை எதுக்கு?"

"பைக் கோட்டுலயே நின்னுரும் அண்ணாச்சி. நீங்க நிக்க மாட்டீங்களே! பறந்துபோய் அங்கதான் விழுவீங்க."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தவசிக்கனி மெத்தையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் நகர்ந்தே நிக்கட்டும், தாயி" என்றார்.