தெளியாத குடுவை

இதை நான் நேரில் பார்க்கவில்லை. அந்த ஆய்வகத்தில் வேலை பார்க்கும் எஸ்தர் அக்கா சொன்னது.

அற்புதராஜ் கல்லூரி ஆசிரியர். நாற்பத்தாறு வயதில் முனைவர் பட்டத்துக்கு வந்தவர். விடுப்பு முடிய ஒன்பது நாள்தான் இருந்தது. அதற்குள் அவருடைய புரதம் நீரில் தெளிவாக நிற்க வேண்டும். ஒருமுறை அளந்துவிட்டால் ஆய்வு முடிந்தது. இல்லையென்றால் வெறுங்கையோடு ஊர்.

“என் தப்பு என்ன மேடம்?” என்று வழிகாட்டியிடம் கேட்டார்.

வழிகாட்டி ஜுலைகா அவரைவிடப் பத்து வயது சின்னவர்.

“என்ன ஆகுது சார்?”

“புரதத்தோட சங்கிலி சரியாத்தான் இருக்கு. மடியும்போது மாத்தி மடியுது. காலையில பார்த்தா எல்லாக் குடுவையிலயும் நூல் நூலா நிக்குது. ரெண்டு மாசம் தண்ணி மாதிரி இருந்தது மேடம்.”

“முதல்ல நூல் வந்த குடுவை எது?”

“இதுதான். அன்னைக்கே கழுவி, அரை மணி நேரம் கொதிக்க வெச்சேன்.”

“இப்ப இதுல என்ன இருக்கு?”

“ஒண்ணுமில்ல.”

ஜுலைகா தன்னிடமிருந்த தெளிந்த புரதத்தை இரண்டு புதுக் குடுவைகளில் ஊற்றினார். பழைய குடுவையைத் தண்ணீரில் அலசி, அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டை ஒன்றில் மட்டும் விட்டார்.

இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

மாலைக்குள் அந்த ஒன்றில் மட்டும் நூல் தெரிந்தது.

“கோணலா மடிஞ்சது பக்கத்துல இருக்கிறதைத் தொடுது,” என்றார் ஜுலைகா. “தொட்டது அதே மாதிரி மடியுது. அப்புறம் அது அடுத்ததைத் தொடும். நானும் பதினோரு வருஷமா பாடம் எடுக்கிறேன் சார். யாரும் இவ்வளவு சீக்கிரம் கத்துக்கிட்டதில்லை.”

“கொதிக்க வெச்சேனே மேடம். சாகலையா?”

“உயிர் இருந்தாத்தானே சாகும்.”

அற்புதராஜ் தன் விரல்களைப் பார்த்தார்.

மறுநாள் ஜுலைகா அந்தப் புரதத்தை முதலிலிருந்து செய்ய, வேறு உடையில், புதுக் குடுவையோடு அடுத்த கட்டடத்துக்குப் போனார். அற்புதராஜ் பின்னாலேயே வந்தார்.

“நானும் உள்ளே வரலாமா?”

ஜுலைகா அவருடைய சட்டைக் கையைப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்தினார்.

எட்டாம் நாள் கதவு திறந்தது. ஜுலைகா கையில் குடுவை. வெறும் தண்ணீர் போலத் தெளிவு.

“அளந்தாச்சு சார். உங்க புரதம். வாங்கிப் பாருங்க.”

அற்புதராஜ் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரடி பின்னால் நகர்ந்தார்.

பின்னர் புத்தகத்தில் சரிபார்த்தேன். இப்படி மாறி மடிந்து மூளையை அழிக்கும் ஒரு வகைப் புரதம் உண்டு. அது அறுவைக் கருவியின் எஃகில் ஒட்டிக்கொண்டால், வழக்கமான கிருமிநீக்கம் போதாது.