ஏகமனதான தீர்மானம்

ஊராட்சித் தலைவர் வேலாயுதம் மடத்துக்குள் நுழைந்தபோது அவர் சட்டையெல்லாம் கறுப்புத் தண்ணீர். கீழத்தெரு சொர்ணம் தன் வீட்டுக் குழாயில் பிடித்துவந்து நடுத்தெருவில் அவர் மேல் ஊற்றியிருந்தாள். அவள் மகள் மஞ்சள்காமாலையோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். தலைவருக்கோ சட்டைதான் பெரிசாக இருந்தது.

குரு வடிவம்மை அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனாலும் பத்து வருஷமாக எதற்கும் அவரிடம்தான் வந்து நிற்பார் தலைவர்.

"அம்மா, கிராமசபைன்னா ஒரே கூச்சல். மேஜையைத் தட்டுவாங்க, காலிக்குடத்தை உருட்டுவாங்க. அதனாலதான் இந்தச் செயலியைக் கொண்டுவந்தேன். வீட்டிலிருந்தே போன்ல குறையைச் சொன்னா போதும், செயற்கை நுண்ணறிவு தொகுத்துத் தீர்மானமா எழுதிடும். இதுல என் தப்பு என்ன?"

"என்ன எழுதிச்சு?"

"குடிநீர் பொதுவாகத் திருப்திகரம்னு."

"சொர்ணம் என்ன சொன்னா?"

"சாக்கடை கலக்குதுன்னுதான் சொன்னா."

"தீர்மானத்தை வாசிச்சுக் காட்டித்தானே கையெழுத்து வாங்குவீங்க?"

"அங்கதானே சண்டையே வரும்! இப்ப பேசினவங்க பேரையெல்லாம் சம்மதம்னு அதுவே சேர்த்துக்கும். சொர்ணம் பேரும் இருக்கு. நாளைக்குக் கலெக்டர் ஆபீசுக்கு அனுப்பணும்."

திருப்திகரம் என்று அனுப்பிவிட்டால் கீழத்தெருவுக்குப் புதுக்குழாய் இந்த வருஷம் கிடையாது. அது தெரிந்தேதான் வாய் கூசாமல் சொன்னார்.

குருவின் முகம் சிவந்தது. தலைவரின் செல்போனைப் பிடுங்கி, அதே செயலியைத் திறந்து முன்னால் வைத்தார்.

"உங்க குறையை இதுகிட்டச் சொல்லுங்க."

தலைவர் கொட்டித் தீர்த்தார். இருபது வருஷம் ஊருக்கு ஓடியாடியது, இன்று மானம் போனது, இனி எந்த முகத்தோடு வெளியே போவது என்று பேசப் பேச அழுதே விட்டார்.

செயலி எழுதி முடித்தது. கிராமசபையில் வாசிப்பதுபோல் குரு எழுந்து நின்று உரக்க வாசித்தார்.

"பொருள் ஒன்று. தலைவருக்கும் பொதுமக்களுக்கும் இடையிலான உறவு சுமுகமாக உள்ளது. உடை தொடர்பான சிறு அசௌகரியம் கவனத்தில் கொள்ளப்பட்டது. ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது."

தலைவர் துள்ளி எழுந்தார்.

"நான் சொன்னது இதுவா? நான் அழுதது எங்கே இதுல? செத்தாலும் இதுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்!"

குரு செல்போனை அவர் கையில் திணித்தார்.

"நீங்க எதுக்குப் போடணும்? உங்க பேர் ஏற்கெனவே கீழே இருக்கு."