மூன்றாவது கம்பி

மெற்றில்டா கிட்டார் வாசிக்கச் சொல்லித்தர மாட்டாள். பழுது பார்க்கச் சொல்லித்தருவாள். அதற்கும் அவளிடம் வந்து சேர்ந்தவர் ஒருவர்தான். தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற தொபியாஸ். அவளுக்கு அப்பா வயது. அவர் அவளை டீச்சர் என்று கூப்பிட்டார். அவள் அவரை அண்ணாச்சி என்றாள்.

அன்று அவர் தன் சொந்தக் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த அவள் அறைக்கு வந்தார். பையைத் திறக்காமலேயே உட்கார்ந்தார்.

“டீச்சர், ஒரு கேள்வி.”

“கேளுங்க.”

“ஒருத்தனும் குறை சொல்ல முடியாதபடி ஒரு கிட்டாருக்குச் சுதி வைக்க முடியுமா?”

“யாரு குறை சொன்னது?”

“மொதல்ல பதிலைச் சொல்லுங்க.”

“முடியாது. யாரு சொன்னது?”

தொபியாஸ் பையின் வாரை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்.

அவர் மாதா கோயில் பாடகர் குழுவில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பவர். ஞாயிற்றுக்கிழமை பூசையில், காணிக்கைப் பாட்டின் நடுவே, அவர் காலில் சிக்கி கிட்டாரின் வயர் கழன்றுவிட்டது. பதறிப்போய்க் குனிந்து மாட்டினார். நிமிர்ந்து பார்த்தால் பாட்டு அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு தலை திரும்பவில்லை.

“பூசை முடிஞ்சதும் மிக்சரைப் போய்ப் பாத்தேன். ஆளுக்கு ஒரு பட்டன், மேல தள்ளுனா சத்தம் கூடும், கீழ இழுத்தா குறையும். என் பேரை ஒட்டுன பட்டன் அடியில கெடக்கு. தூசி படிஞ்சி கெடக்கு டீச்சர்.”

“எப்ப இருந்து?”

“ரீகனைக் கேட்டேன். அவன்தான் மிக்சர்ல உக்காருறவன். தவக்காலத்துல இருந்துன்னான். ஏதோ நல்லது செஞ்சவன் மாதிரி சொல்லுதான்.”

மெற்றில்டாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“சிரிங்க. எங்க வீட்டம்மாவுக்கும் தெரிஞ்சிருக்கு. இத்தனை நாளும் சொல்லல.”

“ஏனாம்?”

“வாசிக்கும்போது என் மூஞ்சி நல்லாருக்காம். அதைக் கெடுப்பானேன்னு விட்டாளாம்.”

அவள் சிரிப்பை நிறுத்தினாள்.

“லம்பர்ட் என்ன சொன்னாரு?” என்றாள். லம்பர்ட்தான் குழுவை நடத்துகிறவர்.

“சுதி ஏறி நிக்குன்னான். மாமா, உங்களை வெரட்ட மனசு வரல, அதான் இப்படிச் செஞ்சோம்னான். சனிக்கிழமை ஒத்திகையில பட்டனை ஏத்திவிட்டுக் கேப்பானாம். சரியா இருந்தா திருவிழாப் பூசையில வாசிக்கலாம். இல்லன்னா தம்போரினை எடுத்துத் தட்டிக்கிட்டு நிக்கணுமாம்.”

“தம்போரினுக்குச் சுதி கிடையாது.”

“அதத்தான் அவனும் சொன்னான்.”

அவர் பையைத் திறந்து கிட்டாரை மேசைமேல் வைத்தார். மெற்றில்டா கம்பிகளின் அடியில் விரலைவிட்டு நெடுக இழுத்து, விரலைத் திருப்பிக் காட்டினாள். காவி நிறமாக இருந்தது.

“கடக்கரைக் காத்து,” என்றார் தொபியாஸ்.

“காத்துமேல பழி போடுங்க. துருவேறுன கம்பி ஒரு எடத்துல கனமா இருக்கும், ஒரு எடத்துல மெலிஞ்சிருக்கும். அதை வச்சுக்கிட்டு எதை அளந்தாலும் பொய்தான் சொல்லும். மாத்துங்க.”

அவரே மாற்றினார். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது கம்பியைச் சாவியால் முறுக்கும்போது தலைப்பக்கத்திலிருந்து ‘டிக்’ என்று ஒரு சத்தம் வந்தது.

“கேட்டுச்சா? அங்க பள்ளத்துல கம்பி மாட்டிக்கிட்டு நிக்கி. நீங்க சாவியைத் திருப்புறீங்க, அது நகர மாட்டேங்குது. அப்புறம் பாட்டு நடுவுல அதுக்கா தோணும்போது நழுவும்.”

பென்சில் முனையால் அந்தப் பள்ளத்தைத் தேய்த்துவிடச் சொன்னாள். தேய்த்தார். கம்பி வழுக்கிக்கொண்டு போனது. சுதி கொஞ்சம் கூடிவிட்டது. அவர் சாவியைத் திருப்பி அப்படியே இறக்கப் பார்த்தார்.

“இறக்கி வைக்காதீங்க. நல்லாத் தளத்திட்டு, கீழ இருந்து ஏத்திக் கொண்டாங்க.”

“கிரேன்ல இதுக்குத் தலைகீழ். சரக்கை மேல இருந்துதான் இறக்கி வைப்போம்.”

“இது கண்டெய்னர் இல்ல.”

பிறகு அவருக்கு ஏற்கெனவே சொல்லித்தந்ததைச் செய்யச் சொன்னாள். கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோக மேடுகள்தான் ஃப்ரெட். பன்னிரண்டாவது ஃப்ரெட் கம்பியின் சரிபாதி. அங்கே கம்பியை அமுக்காமல் விரலால் தொட்டு மீட்டினால் மணி மாதிரி ஒரு சத்தம் வரும். அதே இடத்தில் அமுக்கியும் மீட்ட வேண்டும். இரண்டும் ஒரே சுரமாக இருக்க வேண்டும். அமுக்கியது ஏறி நின்றால் கம்பி நீளம் போதவில்லை என்று அர்த்தம். மறுமுனையில் கம்பி வந்து உட்காரும் சேடில் என்ற சின்ன உலோகத் துண்டை, திருகைத் திருப்பிப் பின்னால் இழுக்க வேண்டும். இறங்கி நின்றால் முன்னால் தள்ள வேண்டும்.

தொபியாஸ் தொட்டார், அமுக்கினார், திருகினார். ஸ்க்ரூ டிரைவர் திருகில் நிற்காமல் வழுக்கியது. அவள் வாங்கி அவளே செய்தாள். சுதி பார்க்கும் ட்யூனரில் ஒவ்வொரு கம்பிக்கும் பச்சை விளக்கு எரிந்தது.

“வாசிங்க.”

அவர் மூன்று நான்கு கம்பிகளைச் சேர்த்து அமுக்கி ஒரு கார்டு பிடித்து மீட்டினார். மெற்றில்டா முகத்தைச் சுளித்தாள். மூன்றாவது கம்பி மற்றவற்றை மீறிக்கொண்டு நின்றது.

“பாத்தீங்களா?” என்றார். அவர் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. “கிட்டார்லதான் கோளாறு. என்ன செஞ்சாலும் நிக்காது. நான் அப்பவே நெனச்சேன்.”

அவள் வாங்கி அதே கார்டைப் பிடித்தாள். சுத்தமாகக் கேட்டது. திரும்பக் கொடுத்தாள். அவர் பிடித்தார். ஏறி நின்றது.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தொபியாஸ் இடது கையைத் திருப்பிப் பார்த்தார். விரல் நுனிகளில் கம்பி பதிந்த தடம் சிவந்து ஆழமாகக் கிடந்தது.

“அப்ப கையா?”

“ரொம்ப அமுக்குறீங்க. அமுக்க அமுக்கக் கம்பி இழுபட்டு மேல ஏறும்.”

“மெதுவா அமுக்குதேன்.”

மெதுவாக அமுக்கினார். கம்பி கரகரத்தது. இன்னும் கொஞ்சம் அமுக்கினார். சரியாக வந்தது. இரண்டாவது கார்டுக்குப் போகும்போது கை பழையபடி இறுகிவிட்டது. மறுபடி முயன்றார். மறுபடி இறுகியது.

“சனிக்கிழமைக்குள்ள இந்தக் கையை மாத்த முடியுமா டீச்சர்?”

“முடியாது.”

“அப்ப தம்போரின்தானா?”

அவள் கழற்றிப் போட்ட பழைய கம்பிகளைச் சுருட்டினாள்.

“நான் முரடன் இல்ல,” என்றார். “கிரேன்ல லீவரை ரெண்டு விரலாலதான் பிடிப்பேன். எங்கூட வேல பாத்த யாரையும் கேட்டுப் பாருங்க. கோயில்லதான் இப்படி ஆவுது. பக்கத்துல டிரம்ஸ், அந்தப் பக்கம் லம்பர்ட் கீபோர்டு. என் சத்தம் எனக்கே வராது. கேக்காட்டி அமுக்கத்தானே செய்வோம்?”

மெற்றில்டா அவரைப் பார்த்தாள். பிறகு மேசை டிராயரைத் திறந்து சின்ன ஸ்க்ரூ டிரைவரை மறுபடி வெளியே எடுத்தாள்.

“அமுக்குங்க.”

“மெதுவாவா?”

“பூசையில அமுக்குற மாதிரி.”

அவர் அமுக்கினார். அவள் தலையை ஆட்டினாள்.

“இது இங்க அமுக்குறது. காணிக்கைப் பாட்டைப் பாடுங்க.”

“இங்கயா? கீழ ஜெராக்ஸ் கடையில ஆளு நிக்காங்க.”

“நிக்கட்டும். பாடிக்கிட்டே பிடிங்க.”

தொபியாஸ் முதலில் வாய்க்குள் பாடினார். இரண்டாவது அடியில் குரல் எழும்பியது. கண்ணை மூடிக்கொண்டார். தோள் உயர்ந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, விரல்கள் கம்பியைக் கடித்தன. மெற்றில்டா குனிந்து, அவர் பாடப் பாட, மூன்றாவது கம்பியின் சேடிலைத் திருகிப் பின்னால் இழுத்தாள். நிறுத்தினாள். கேட்டாள். இன்னும் கொஞ்சம் இழுத்தாள். மற்ற கம்பிகளையும் அப்படியே பார்த்தாள். கடைசியில் எல்லாக் கம்பிகளையும் தளர்த்தி, கீழிருந்து ஏற்றி, அவர் கை ஏற்றுவதற்கு இடம் விட்டு, ட்யூனர் முள் நடுவைத் தொடும் முன்பே நிறுத்தினாள்.

“இப்ப வாசிங்க.”

வாசித்தார். பாட்டும் கிட்டாரும் ஒட்டிக்கொண்டு போயின. அவர் நிறுத்திவிட்டு ட்யூனரின் பச்சை விளக்கை ஆசையோடு பார்த்தார். பிறகு கிட்டாரை அவளிடம் நீட்டினார்.

“நீங்க ஒருதடவ.”

அவள் வாசித்தாள். கிட்டார் சோர்ந்து இறங்கிக் கேட்டது. ட்யூனரில் சிவப்பு விளக்கு.

தொபியாஸ் எழுந்துவிட்டார்.

“டீச்சர், இப்ப கிட்டாரே தப்பா நிக்கி!”

“ஆமா.”

“தொட்டாலும் அமுக்குனாலும் ஒண்ணா இருக்கணும்னு நீங்கதானே சொல்லித்தந்தீங்க?”

“ஒண்ணாத்தான் இருக்கு. நீங்க அமுக்கிப் பாருங்க.”

“வேற யாராவது வாங்கி வாசிச்சா?”

“குடுக்காதீங்க.”

சனிக்கிழமை ஒத்திகையில் லம்பர்ட் ஒரு பாட்டு கேட்டார். இன்னொன்று வாசிக்கச் சொன்னார். பிறகு ரீகனைப் பார்த்து, இன்னும் ஏற்று என்பதுபோல ஆள்காட்டி விரலை மேலே காட்டினார். திருவிழாப் பூசையில் தொபியாஸ் வாசித்தார். தம்போரின் லம்பர்டின் மைத்துனனுக்குப் போனது.

அதன்பிறகு தொபியாஸ் வழக்கம்போல மெற்றில்டாவிடம் வந்துகொண்டிருந்தார். மற்றவர்களுடைய கிட்டார்களுக்குக் கம்பி மாற்றினார், பள்ளம் தேய்த்தார். தன்னுடையதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

மழைக்காலம் தொடங்கியபோது ஒருநாள் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். நனைந்த பையைத் தரையில் வைக்கக்கூட மனமில்லாமல் கட்டிக்கொண்டு நின்றார்.

“சுதி எறங்கிட்டு டீச்சர்.”

“யாரு சொன்னது?”

“யாரும் சொல்லல. எனக்கே கேட்டுச்சு. எல்லாக் கார்டும் கொஞ்சம் கொஞ்சம் எறங்கி நிக்கி. இன்னும் லம்பர்ட் காதுல விழல. விழுந்துச்சுன்னா பட்டன் கீழ போயிரும். ரீகன் பய திருகுல கைய வச்சிருப்பானோன்னு சந்தேகமா இருக்கு. அவனைக் கேட்டே விட்டேன்.”

“என்ன சொன்னான்?”

“அதெல்லாம் திருகுற சாமானான்னு என்னையே கேக்கான்.”

“குடுங்க, பாப்போம்.”

அவள் வாங்கி மேசையில் வைத்தாள். கம்பி புதிதாகத்தான் இருந்தது. பள்ளத்தில் எதுவும் மாட்டவில்லை. ஒவ்வொரு சேடிலையும் நகத்தால் தள்ளிப் பார்த்தாள். எதுவும் அசையவில்லை. எல்லாம் அவள் வைத்த இடத்திலேயே இருந்தன.

“ஸ்பீக்கர்ல மாட்டி வாசிங்க.”

அவர் மாட்டினார். காணிக்கைப் பாட்டை வாசித்தார். பாடவும் செய்தார், அவள் கேட்காமலேயே. கண்ணைத் திறந்து வைத்திருந்தார். ஒரு இடத்தில் தான் வாசித்ததைத் தானே கேட்டுவிட்டு அதை இன்னொரு தடவை வாசித்தார்.

மெற்றில்டா ட்யூனரைப் பார்க்கவில்லை. அவருடைய இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல்கள் கம்பியைக் கடிக்கவில்லை.

“எறங்கித்தான் நிக்கி,” என்றாள்.

“நான்தான் சொன்னனே. ஆனா ஒண்ணு டீச்சர், அதுக்கு நானே ஒரு வழி கண்டுபிடிச்சிட்டேன். இங்க பாருங்க.”

தோளை உயர்த்தினார். விரல்களை இறுக்கினார். கம்பி விரல் நுனியில் புதைந்தது. கார்டு சரியாக வந்தது.

“பழையபடி அமுக்குனா நிக்கி. கொஞ்சம் வலிக்கத்தான் செய்யி. பாட்டு முழுக்க ஞாபகம் வச்சு அமுக்கணும், அதுதான் கஷ்டம். பழகிட்டா வந்துரும். சரிதானே?”

அவள் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அவர் பக்கம் நீட்டினாள்.

தொபியாஸ் அதை வாங்கவில்லை.

“நீங்க வச்ச எடம் டீச்சர். அதுக்கு அப்புறந்தான் கோயில்ல என் சத்தம் எனக்கே கேட்டுச்சு. அதைப் போயி நான் மாத்தவா? அந்த எடத்துக்கு ஏத்தமாதிரி நான் அமுக்கிட்டுப் போறேனே.”

மெற்றில்டா அவர் கையைப் பிடித்து, ஸ்க்ரூ டிரைவரை உள்ளங்கையில் வைத்தாள்.

“அது அன்னைக்கு வந்தவருக்கு வச்ச எடம், அண்ணாச்சி. அவருதான் இப்ப வாரதில்லையே.”